ஒற்றை விளக்கு

போன இதழில் லோ கீ போர்ட்ரெய்ட் பற்றி ஓரமாக நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. பாதிக் கடிதங்களில் ஒரே ஆதங்கம்: படம் இருட்டாக வருகிறது, அழகாக வரவில்லை. ஆகவே இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை. பக்கம் முழுக்க இருட்டுக்கே.

கே: எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தால் லோ கீ வந்துவிடாதா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

வராது. எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகமும் சேர்ந்து மங்கும். லோ கீயில் படத்தின் பெரும்பகுதி கருமையாக இருக்கும். ஆனால் வெளிச்சம் விழுகிற நெற்றியும் கன்னமும் கண்ணும் சரியான எக்ஸ்போஷரில் இருக்கும். கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நின்றிருப்பீர்கள். தீபாராதனைத் தட்டு உயரும்போது சாமியின் முகம் தெரிகிறது, இறங்கும்போது பாதம் தெரிகிறது, மற்றதெல்லாம் கல்லின் கருமைக்குள் போய்விடுகிறது. அங்கே யாரும் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை. வேண்டிய இடத்துக்கு மட்டும் எடுத்துப் போகிறார்கள். குறைப்பது வேறு, தடுப்பது வேறு. எனக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் குறைத்திருக்கிறார்கள். இன்று தடுக்கக் கற்போம்.

கே: ஸ்டுடியோ லைட்டிங் கற்க எத்தனை லைட் வாங்க வேண்டும் சார்?
(ஜவுளி வியாபாரி, ஈரோடு)

ஒன்று.

கே: ஒரே ஒரு லைட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குத்தான் பழகுவது? வீடியோக்களில் நான்கு லைட், ஐந்து லைட் என்று அடுக்குகிறார்களே!
(வாசகி, வேலூர்)

நான் வேலை கற்ற ஸ்டுடியோவில் முதல் ஒரு மாதம் மனித முகத்தையே எனக்குக் கொடுக்கவில்லை. முதலாளி அண்ணாச்சி ஒரு மண்பானையை ஸ்டூலின் மேல் கவிழ்த்தார். பின்னால் கருப்பு வெல்வெட் துணி. பக்கத்தில் ஒரு விளக்கு. "உருட்டிக் காட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பானை தட்டு மாதிரி தெரிந்தது, பௌர்ணமி நிலா போல. விளக்கை மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்த்தினேன். ஒரு ஓரம் இருண்டது, பானைக்கு வயிறு வந்தது. இன்னும் நகர்த்தி நேர் பக்கத்துக்குக் கொண்டுபோனால் பாதி வெளிச்சம், பாதி இருட்டு: அஷ்டமி. பானைக்குப் பின்புறமாகத் தள்ளினால் விளிம்பில் மட்டும் ஒரு கோடு: மூன்றாம் பிறை. பிறகு வானத்து நிலவை நிமிர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மாதம் முழுக்க அங்கேயும் ஒரே விளக்கு, ஒரே உருண்டை. விளக்கு இருக்கும் பக்கம் மாறுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

லோ கீ போர்ட்ரெய்ட் வாழும் இடம் அஷ்டமிக்கும் பிறைக்கும் நடுவே. உங்கள் வீட்டில் பானை இல்லையென்றால் முட்டை, வெண்கலச் செம்பு, தேங்காய் எதுவும் ஆகும். முட்டைக்கு வழுவழுப்பு, செம்புக்குப் பளபளப்பு, தேங்காய்க்குச் சொரசொரப்பு. மூன்றையும் ஒரே விளக்கில் எடுத்துப் பாருங்கள். மனிதத் தோலில் இந்த மூன்றும் கலந்துதான் இருக்கின்றன. இரண்டாவது விளக்கு எதற்கு வேண்டும் என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற அன்றைக்கு அதை வாங்குங்கள்.

கே: அண்ணே, என் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். இதில் எப்படிக் கருப்புப் பின்னணி கொண்டுவருவது?
(ஐ.டி. ஊழியர், மதுரை)

தம்பி, பெயிண்ட் அடிக்கப் போகாதீர்கள். தூரம் உங்களுக்காக வேலை செய்யும். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். நான்கு மடங்கானால் 16ல் ஒரு பங்கு.

இதை உங்கள் அறைக்குள் கொண்டுவருவோம். பன்னிரண்டு அடி நீளவாக்கில் எடுங்கள். பின்சுவரிலிருந்து ஆறு அடி தள்ளி ஆளை உட்கார வையுங்கள். விளக்கை முகத்துக்கு இரண்டு அடிக்குள் கொண்டுவாருங்கள். சுவர் விளக்கிலிருந்து ஏறக்குறைய எட்டு அடியில் இருக்கும். முகத்தில் விழுவதில் 16ல் ஒரு பங்குதான் சுவருக்குப் போய்ச் சேரும். எங்கள் பாஷையில் 4 ஸ்டாப் வித்தியாசம்; வெளிச்சம் ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டாப். வெள்ளைச் சுவர் அடர்சாம்பலாக இறங்கிவிடும். அதே விளக்கை முகத்திலிருந்து ஆறு அடி தள்ளி வைத்திருந்தால் சுவர் இவ்வளவு இருண்டிருக்காது.

அதற்கு மேலும் கருமை வேண்டுமென்றால் விளக்கில் மாட்டும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸின் முன்னால் கிரிட் மாட்டுங்கள். அது தேன்கூடு போன்ற துணிக் கட்டம். வெளிச்சம் பக்கவாட்டில் சிந்துவதைத் தடுக்கும். சிந்தாத வெளிச்சம் சுவரைத் தொடாது.

பலர் கவனிக்காத எதிரி வேறு இடத்தில் நிற்கிறான். நிழல் விழும் பக்கத்தில் இருக்கிற பக்கச்சுவர்! முகத்தைத் தாண்டிப் போன வெளிச்சம் அந்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி, நீங்கள் பாடுபட்டுச் செய்த நிழலைக் கரைத்துவிடும். ஒரு தெர்மகோல் பலகையை வாங்கி, ஒரு பக்கம் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டி, நிழல் பக்கக் கன்னத்துக்கு ஒரு அடி தூரத்தில் நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாடையின் கோடு தானாகச் செதுக்கிக்கொண்டது போல இருக்கும். அதே பலகையைத் திருப்பினால் வெள்ளை. நிழலைக் கொஞ்சம் இளக்க வேண்டுமென்றால் அதற்கும் ஆயிற்று. என் கையில் இருக்கும் சாமான்களில் விலை குறைந்ததும் அதிகம் உழைப்பதும் இந்தப் பலகைதான்.

கே: கேமராவில் என்ன செட்டிங் வைக்க வேண்டும்?
(பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

மேனுவல் மோடு. ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 8. ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முழுக் கருப்பாக வர வேண்டும். வந்தால் அறை வெளிச்சம் உங்கள் படத்துக்குள் நுழையவில்லை என்று அர்த்தம். இனி நீங்கள் வைக்கிற விளக்குதான் படம். பிறகு ஃப்ளாஷைக் குறைந்த பவரில் தொடங்கி, முகம் சரியாக வரும்வரை ஏற்றுங்கள்.

ஷட்டரை 1/500 என்று ஏற்றினால் பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு ஓரம் கருப்புப் பட்டையாக வரும். ஃப்ளாஷோடு ஒத்துப்போகிற வேகத்தை, அதாவது உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். ஃப்ளாஷ் வெளிச்சம் நொடியின் சின்னத் துணுக்கில் வந்து போய்விடும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அறை வெளிச்சம்தான் ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஷட்டர் அறைக்கு, அப்பர்ச்சர் ஃப்ளாஷுக்கு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஹிஸ்டோகிராம் முழுக்க இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பயமாக இருக்கிறது.
(வாசகர், கரூர்)

ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் இடது ஓரம் என்றால் இருட்டு. லோ கீ படத்துக்கு அதுதான் இடம். நீங்கள் பார்க்க வேண்டியது கன்னத்து வெளிச்சத்தை. அது வெளுத்துப் போகாமல் தோலின் துளை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்டோவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கிவிட வேண்டும் என்பதே கேமராவின் வெளிச்ச மீட்டருக்குச் சொல்லிவைத்த பாடம். கருப்பு அதிகமாக இருந்தால் அது பதறிப்போய் எல்லாவற்றையும் தூக்கிவிடும், முகம் வெள்ளையாகப் பொசுங்கும்.

கே: ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்கிறார்களே, அந்த முக்கோணம் எனக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.
(பிளஸ் டூ மாணவர், சேலம்)

ரெம்ப்ராண்ட் 1606ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு மாவு ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தவர். வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தைத் தானே திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் ஓவியங்களில் வருவது போல நிழல் பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு சின்ன வெளிச்ச முக்கோணம் தலைகீழாக நிற்பதைத்தான் ஸ்டுடியோக்காரர்கள் அவர் பெயரால் அழைக்கிறார்கள்.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் உயரம். விளக்கைப் பக்கவாட்டில் சரியாக வைத்துவிட்டு, கண் மட்டத்திலேயே விட்டுவிடுகிறோம். அப்போது மூக்கின் நிழல் நேராகக் கன்னத்தைக் குறுக்கே வெட்டும். விளக்கை முகத்துக்கு ஏறக்குறைய 45 டிகிரி பக்கவாட்டிலும், அதே அளவு மேலேயும் தூக்குங்கள். மூக்கின் நிழல் சாய்ந்து இறங்கும். இனி விளக்கைத் தொடாதீர்கள். ஆளை மெதுவாகத் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். மூக்கின் நிழல் கன்னத்து நிழலைத் தொட்டுச் சேருகிற நொடியில் நிறுத்துங்கள். முக்கோணம் அங்கே பூட்டிக்கொள்ளும். அகலத்தில் கண்ணைத் தாண்டாமலும் நீளத்தில் மூக்கைத் தாண்டாமலும் இருந்தால் அழகு.

ஆழக் கண் உள்ளவர்களுக்கு இத்தனை உயரம் ஆகாது, கண்குழி இருண்டுவிடும். கொஞ்சம் இறக்கி, முகவாயைச் சற்றே உயர்த்தச் சொல்லுங்கள். நிழல் பக்கக் கண்ணிலும் விளக்கின் ஒரு புள்ளி மின்ன வேண்டும். முக்கோணம் போனால் போகட்டும், அந்தப் புள்ளியை விடாதீர்கள்.

கே: நான் கருப்பு நிறம். "உனக்கெல்லாம் லோ கீ சரிவராது, முகம் பின்னணியோடு கலந்துவிடும்" என்று ஒரு ஸ்டுடியோவில் சொன்னார்கள். உண்மையா?
(கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

இல்லை அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. லோ கீயில் கருத்த முகத்துக்கு நிகரான முகம் கிடையாது. அதை எடுக்கத் தெரியாதது எங்கள் தொழிலின் பழைய குறை.

கலர் பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். பிரிண்டில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்பதை அந்த முகத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்தார்கள். அவளுக்குப் பொருந்தியதே சரியான நிறம் ஆயிற்று, மற்றவர்கள் முகம் சேறு பூசியது போல வந்தது. பின்னாளில் அடர்நிறங்களையும் பிரித்துக் காட்டும் பிலிம் வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் உண்டு. பால் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். மனிதர்களின் முகத்துக்காக அந்தக் கதவு முன்பே திறந்திருக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். வெளிர் நிறத் தோல் விழுகிற வெளிச்சத்தைப் பெருமளவு சிதறடித்துத் திருப்பும். கருத்த தோலில் அந்தச் சிதறல் குறைவு. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்புதான் வடிவத்தைக் காட்டும். ஆகவே பவரை ஏற்றிப் பயனில்லை. பெரிய சாஃப்ட்பாக்ஸை நெருக்கமாகக் கொண்டுவந்து, பக்கவாட்டில் சற்றுப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் கன்னத்து எலும்பின் மேல் அந்தப் பளபளப்பு ஒரு நீளமான பட்டையாக வந்து உட்காரும். அங்கே நிறுத்த வேண்டும்.

சென்னைக்கு வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். சோழர் காலத்துச் சிலைகள் எல்லாம் கருத்த உலோகம். ஒரு சிலையின் முன்னால் நின்று தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். மூக்கின் தண்டிலும் தோளின் வளைவிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே வரும். அந்தக் கோடுதான் சிலையின் முழு உருவத்தையும் சொல்கிறது. உங்கள் முகத்திலும் அதைத்தான் தேட வேண்டும்.

முகம் பின்னணியோடு கலக்கிறது என்றால் பின்னணியை மாற்றலாமே! அடர்பழுப்போ அடர்சாம்பலோ தொங்கவிட்டு, தலைமுடிக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய வெளிச்சம் கொடுத்தால் போதும். பவுடரை அப்பிக்கொள்ளாதீர்கள், பளபளப்பைக் கொன்றுவிடும். எடுத்து முடித்த பிறகு கம்ப்யூட்டரில் உங்கள் நிறத்தை வெளுக்காதவராகப் பார்த்துப் போங்கள்.

கே: கருப்புத் துணியைப் பின்னால் மாட்டினாலே பெண் வீட்டார் "நல்ல நாளும் அதுவுமாகக் கருப்பா?" என்கிறார்கள். என்ன செய்வது?
(கல்யாண போட்டோகிராபர், கும்பகோணம்)

அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அது அவர்கள் வீட்டுக் கல்யாணம். லோ கீக்குக் கருப்பே வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அடர்த்தி இருந்தால் போதும். அரக்குச் சிவப்பு, மயில்கழுத்து, பாட்டில் பச்சை இவற்றில் எதையும் விளக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிட்டால் கருமையின் வாசலில் போய் நிற்கும். பட்டுப்புடவைக்குப் பின்னால் அந்த நிறம் துளி தெரிவது வெறும் கருப்பைவிட எனக்குப் பிடித்தமானது.

மணமகள் அறையில் முதல் வேலை, ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்வது. வீடியோக்காரரிடம் பத்து நிமிடம் அவருடைய விளக்கையும் அணைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஜரிகை ஜாக்கிரதை! அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் ஜரிகை பொசுங்கும். சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதியை முகத்துக்கும் மேலே தூக்கிக் காட்டி, அதன் கீழ் ஓரத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும்படி வையுங்கள். மார்புக்கு வரும்போது வெளிச்சம் களைத்துப்போயிருக்கும். ஜரிகை இழை இழையாகத் தெரியும், நெற்றிச்சுட்டி மின்னும்.

கே: எல்.இ.டி.யா, ஃப்ளாஷா?
(வாசகர், புதுச்சேரி)

கற்க எல்.இ.டி., பிழைக்க ஃப்ளாஷ். எல்.இ.டி.யில் நிழல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃப்ளாஷில் ஆள் அசைந்தாலும் படம் கூர்மையாக வரும், எஃப் 8ல் நிம்மதியாக எடுக்கலாம். மலிவான எல்.இ.டி. என்றால் படத்தில் கோடு கோடாக விழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/50 அல்லது 1/100 ஷட்டரில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

கே: ஒரு நல்ல படத்துக்கு இருபது தடவை ஃப்ளாஷ் அடிக்க வேண்டியிருக்கிறது. பொறுமை போகிறது.
(வாசகர், திருப்பூர்)

பாரிஸ் நகரத்தின் அடியில் எலும்புகள் அடுக்கிய சுரங்கங்கள் இருக்கின்றன. 1861 வாக்கில் நாடார் என்ற பெயரில் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அங்கே மின்விளக்கைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். சில படங்களுக்கு 18 நிமிடம் கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரம் மனிதன் அசையாமல் நிற்க மாட்டான் என்று வேலையாளின் இடத்தில் பொம்மையை நிறுத்தினார். உங்கள் இருபது படமும் அவருடைய ஒரு படத்துக்குள் அடங்கிவிடும். அடியுங்கள்.

கே: நாயகன் படத்தில் வருவது போலத் தலைக்கு மேலிருந்து லைட் வைத்தேன். என் நண்பன் கண்ணே இல்லாதவன் போலத் தெரிகிறான்!
(குறும்பட இயக்குநர், திருச்சி)

1987ல் வந்த அந்தப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது வாங்கினார். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1972ல் வந்த 'தி காட்ஃபாதர்' பேச்சும் கூடவே வரும். அதில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேல் கட்டினார். மார்லன் பிராண்டோவின் முதுமை மேக்கப்புக்கு அந்த வெளிச்சம்தான் ஒத்துவந்தது. கண்குழிக்குள் நிழல் விழுந்தது. அந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று எதிரே நிற்பவனுக்குத் தெரியாமல் போயிற்று.

சினிமாவில் இப்போது மறைத்த கண்ணை அடுத்த ஷாட்டில் காட்டலாம். போட்டோவுக்கு அடுத்த ஷாட் கிடையாது. ஆகவே விளக்கைத் தலைக்கு நேர் மேலிருந்து ஒரு அடி முன்னால் இழுங்கள். நண்பனின் மடியில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். கண்ணுக்குள் உயிர் வரும், மேல்வெளிச்சத்தின் கனமும் போகாது.

கே: விளக்கெல்லாம் சரி. எதிரே உட்காருகிறவர் விறைத்துப் போகிறார். அதற்கு என்ன செய்வது?
(ஸ்டுடியோ உரிமையாளர், பட்டுக்கோட்டை)

1941 டிசம்பர் 30. கனடாவின் ஒட்டாவா நகரில் நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு சர்ச்சில் பக்கத்து அறைக்கு வருகிறார். யூசுஃப் கார்ஷ் என்ற இளம் புகைப்படக்காரர் அங்கே விளக்குகளை முன்கூட்டியே நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறார். படம் எடுக்கப்போகிறார்கள் என்பதே சர்ச்சிலுக்குத் தெரியாது, எரிச்சலோடு உட்கார்ந்தார். கிடைத்த நேரம் சில நிமிடம்தான். வாயில் சுருட்டு. எடுங்கள் என்று கேட்டும் எடுக்கவில்லை. கார்ஷ் நேராக நடந்து போய், மரியாதையோடு மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டைப் பிடுங்கிவிட்டார். கேமராவுக்குத் திரும்பிய நொடியில் சர்ச்சில் முறைத்த முறைப்புதான் உலகம் அறிந்த அந்தப் படம். 2016 முதல் இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் இருக்கும் முகமும் அதிலிருந்து வந்ததே.

எல்லாரும் சுருட்டைப் பற்றிப் பேசுவார்கள். நான் பார்ப்பது காத்திருந்த விளக்குகளை. ஆள் வந்த பிறகு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தால் அந்த நொடி கைக்குச் சிக்கியிருக்குமா? உங்கள் வாடிக்கையாளர் வருவதற்கு அரை மணி முன்னால் கடைப் பையனை ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அவர் வந்ததும் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். ஊர், பேரப்பிள்ளை, நேற்றுப் பெய்த மழை என்று பேசுங்கள். பேசி முடித்து மூச்சு விடுவார் பாருங்கள், அப்போது அழுத்துங்கள்.

கே: எடுத்தது எல்லாம் மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிகிற படங்கள்.
(வாசகி, நாமக்கல்)

கேரம் ஆடியிருக்கிறீர்களா? ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் கட்டையில் மோதுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். வெளிச்சமும் அப்படித்தான். விளக்கை உயர்த்துங்கள், கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் அரை அங்குலம் தூக்கிவிடுங்கள். வெளிச்சம் நெஞ்சை நோக்கித் திரும்பிப் போய்விடும்.

கே: திரையில் அழகாக இருந்த படம் பிரிண்டில் கரிக்கட்டையாக வருகிறது.
(ஆல்பம் டிசைனர், விருதுநகர்)

திரையின் வெளிச்சம் அதிகம். இருட்டறையில் உட்கார்ந்து முழு வெளிச்சத்தில் திருத்தினால் நிழலில் இருப்பதெல்லாம் தெரிவது போலத் தோன்றும். திரையைப் பாதிக்கும் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறதா என்று பாருங்கள். மேட் தாளில் கருப்பு எப்போதும் கொஞ்சம் வெளுத்தே நிற்கும்; ஆழமான கருப்பு வேண்டுமென்றால் பளபளப்பான தாள். முழு ஆல்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு சின்ன பிரிண்ட் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் நிழலெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

கே: பத்தாவது படிக்கிறேன். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. லோ கீ எடுக்க முடியுமா?
(மாணவன், நாகர்கோவில்)

முடியும். 1959ல் வந்த 'காகஸ் கே ஃபூல்' இந்திப் படத்தில் ஸ்டுடியோ இருட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு வெளிச்சத் தூண் இறங்கும். மைசூர்க்காரரான ஒளிப்பதிவாளர் வி.கே.மூர்த்தி அதை வெயிலிலிருந்து எடுத்தார். வெளியே ஒரு பெரிய கண்ணாடி, உள்ளே இன்னொன்று. சூரியனைக் கட்டடத்துக்குள் திருப்பிவிட்டார். உங்கள் வீட்டிலும் சூரியன் இருக்கிறது, அலமாரிக் கண்ணாடி இருக்கிறது. வாசலில் விழும் வெயிலைக் கண்ணாடியால் அறைக்குள் திருப்பி, ஒரு வெள்ளை வேட்டியின் மேல் விழச் செய்யுங்கள். யாருடைய கண்ணிலும் நேராக அடிக்க வேண்டாம். வேட்டியிலிருந்து திரும்பும் வெளிச்சம்தான் உங்கள் விளக்கு. அதன் பக்கத்தில் தங்கையை உட்காரவைத்து, போனில் அவள் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். அறை இருளும், கன்னம் நிற்கும். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள்.

கே: என் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. காதில் இன்னமும் பாம்படம். நல்லதாக ஒரு படம் எடுக்க ஆசை. ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் சுருக்கம் எல்லாம் தெரியுமே, அவர் மனம் நோகுமோ?
(வங்கி ஊழியர், கோவில்பட்டி)

ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போக வேண்டாம். வீட்டு நடையிலேயே எடுங்கள். பழைய வீடாக இருந்தால் வாசலுக்கு உள்ளே இரண்டு அடியில் ஒரு இடம் இருக்கும்; அங்கே உட்கார்ந்தால் முகத்தில் வெளி வெளிச்சம், முதுகுக்குப் பின்னால் வீட்டின் இருட்டு. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் நேராக விழாத வாசலாகப் பாருங்கள். ஒரு கதவைச் சாத்திவிடுங்கள். பாதி வாசல்தான் உங்கள் சாஃப்ட்பாக்ஸ்.

சுருக்கத்தை மறைப்பதும் காட்டுவதும் வெளிச்சத்தின் அகலத்தில் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வெளிச்சம் அகலமாக வந்து சுருக்கத்தின் உள்ளேயும் இறங்கும். கோடுகள் இருக்கும், வெட்டாது. நான்கு அடி உள்ளே தள்ளினால் அதே வாசல் சின்னதாகிவிடும், ஒவ்வொரு கோடும் ஆழமாகும். இரண்டையும் எடுத்துக் காட்டி எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் முகம், அவர் முடிவு.

பாம்படம் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் இருக்கும் பக்கத்துக் காது கேமராவைப் பார்க்கட்டும். தங்கத்துக்கு வெளிச்சத்தைவிட எதிரே இருப்பது முக்கியம்; எது எதிரே இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நின்றால் பாம்படத்துக்குள் நீங்கள்தான் வெள்ளையாகத் தெரிவீர்கள். அடர்நிறச் சட்டை போடுங்கள். அவர் தலையை அசைத்தால் பாம்படம் ஆடும், அது நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பேசச் சொல்லுங்கள், சிரிக்கட்டும், பிறகு காதைப் பார்த்துக் காத்திருங்கள். ஆட்டம் அடங்கும்போது எடுங்கள்.

பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, பார்த்ததும் முதலில் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.